செங்கல் சுவரும் சொந்தக்கார ஏஜன்டும்: ரொறொன்ரோவில் ஒரு லொஃப்ட் வாங்கிய கோப்பு

நான் வேலை செய்யும் சட்ட அலுவலகத்துக்கு வருகிற தமிழர்களின் வீட்டுக் கோப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஸ்காபரோவில் தனிவீடு, மார்க்கத்தில் டவுன்ஹவுஸ், நகருக்கு வெளியே கிழக்கில் ஏஜாக்ஸில் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடக்கூடிய செமி, அதாவது பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிரும் வீடு. நகரத்தின் நடுவில், பழைய தொழிற்சாலைக்குள், படுக்கையறைக்குச் சுவர்கூட முழுதாக இல்லாத ஒரு லொஃப்டைத் தேடிப் போன கோப்பு அபூர்வம். 2024 இலையுதிர்காலத்தில் அப்படியொன்று வந்தது. வாங்கியவரின் அனுமதியோடு எழுதுகிறேன். ஆளும் கட்டடமும் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியும் தொகைகளை முழு எண்ணாக்கியும் இருக்கிறேன்.

வாங்கியவர் முப்பது தாண்டிய பெண். யூனிவர்சிற்றி அவெனியூ மருத்துவமனைகளில் ஒன்றில் எக்ஸ்றே எடுப்பவர். இரவு ஷிப்ட் முடித்து ஸ்காபரோவுக்கு ரெயினும் பஸ்ஸும் மாறிப் போய் அலுத்துவிட்டார். கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. உயர்ந்த கூரை, செங்கல் சுவர், வேலைக்கு நடந்து போகிற தூரம், ஏழு லட்சம் டொலருக்குள் விலை. கேட்டது இவ்வளவுதான்.

இந்தக் கோப்பின் உண்மையான சிக்கல் வீட்டில் தொடங்கவில்லை, ஏஜன்டில் தொடங்கியது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இருபது வருடமாக ரியல் எஸ்டேட் செய்கிறார். மார்க்கம் வீதி பஸ் தரிப்பிட வாங்கின் முதுகில் அவர் படம் இருக்கிறது. பெற்றோரின் வீட்டை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மருமகள் வீடு வாங்குகிறாள் என்றால் மாமாதான் ஏஜன்ட் என்பது யாரும் பேசி முடிவுசெய்ய வேண்டிய விஷயமே இல்லை. ஆனால் லொஃப்ட் என்றதும் மாமா சிரித்தாராம். "கோடவுனுக்குள்ள போய் இருக்கப் போறீரே பிள்ளை? அந்தக் காசுக்கு ஏஜாக்ஸில ரெண்டு பாத்றூமோட டவுன்ஹவுஸ் எடுக்கலாம்."

மாமா சொன்னதில் பாதி சரி. அவை கோடவுன்களும் தொழிற்சாலைகளும்தான். குயின் மேற்கில் உள்ள கேண்டி ஃபாக்டரி லொஃப்ட்ஸ் மிட்டாய்த் தொழிற்சாலை. கார்லோ அவெனியூவில் உள்ள ரிக்லி லொஃப்ட்ஸ் சூயிங்கம் செய்த இடம். லிபர்ட்டி வில்லேஜின் டாய் ஃபாக்டரி பொம்மை செய்த இடம். டல்ஹௌசி வீதியில் உள்ள மேர்ச்சண்டைஸ் லொஃப்ட்ஸ், சிம்ப்சன்ஸ் கடைக்காரரின் களஞ்சியம். ஏரிக்கரையில் நிற்கும் டிப் டொப் கட்டடம் 1929இல் தையல் நிறுவனத்துக்காகக் கட்டியது. ஸ்பதைனாவைச் சுற்றி உடுப்புத் தொழில் சரிந்தபோது இப்படிப்பட்ட கட்டடங்கள் பலவும் வெறுமையாகக் கிடந்தன. தொழிற்சாலை வலயம் என்பதால் அங்கே ஆட்கள் குடியிருக்க அனுமதி இல்லை. 1996இல் மேயர் பாபரா ஹோல் காலத்தில், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் போன்றோரின் ஆலோசனையோடு, கிங்–ஸ்பதைனா, கிங்–பார்லிமென்ட் என்ற இரண்டு பகுதிகளில், சுமார் 400 ஏக்கரில், அந்த வலயக் கட்டுப்பாட்டை நகரசபை தளர்த்தியது. அதன் பிறகு அங்கே வெறும் கட்டடங்களுக்குள் சட்டப்படி வீடுகள் முளைத்தன.

இந்தப் பழங்கதையை இழுப்பதற்குக் காரணம் உண்டு. இப்படி மாற்றப்பட்டவற்றில் நிறையக் கட்டடங்கள் 1990களின் பிற்பாதியிலும் 2000களின் தொடக்கத்திலும் மாற்றப்பட்டவை. சுவர் நூறு வயது, குழாயும் வயரும் இருபத்தைந்து வயது. புதிய கொண்டோ, அதாவது வீடு சொந்தமாகவும் கட்டடம் பொதுவாகவும் உள்ள அடுக்குமாடி, மட்டுமே விற்றுப் பழகியவருக்குச் சுவர் தெரியாது. தனிவீடு விற்றுப் பழகியவருக்குக் கொண்டோ நிர்வாகத்தின் கடதாசி தெரியாது. லொஃப்டுக்கு இரண்டும் வேண்டும். சந்தையில் லொஃப்ட் என்ற பெயரில் வருபவை எல்லாம் பழைய கட்டடமும் அல்ல. புதிதாகக் கொங்கிறீற்றில் கட்டி, கூரைக் குழாயை மூடாமல் விட்டு, அதையும் லொஃப்ட் என்றே விற்பார்கள். அவற்றை சொஃப்ட் லொஃப்ட் என்பது வழக்கம், பழையவற்றை ஹார்ட் லொஃப்ட். இவர் தேடியது இரண்டாவதை.

மாமாவைத் தவிர வேறு இரண்டு ஏஜன்டுகளோடும் அந்தப் பெண் கதைத்தார். ஒருவர், அவருக்குப் பிடித்துப்போன ஒரு வீட்டை விற்பதற்குப் போட்டிருந்தவர். "நானே ரெண்டு பக்கமும் பார்த்தால் கமிஷனில் கொஞ்சம் விட்டுத்தரலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள, ட்ரெசா என்று சுருக்கி அழைக்கப்படும் ரியல் எஸ்டேட் தொழிலுக்கான சட்டத்தின்படி, ஒருவரே இரு பக்கத்துக்கும் வேலை செய்வதானால் இரு பக்கத்தாரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதித்த பிறகு அவர் யாருக்கும் சாய முடியாது. "இந்த விலை கூட, குறைத்துக் கேளுங்கள்" என்று வாங்குபவரிடம் சொல்ல முடியாது. ஏஜன்டிடம் நாம் வாங்குவதே அந்த ஒரு வசனத்தைத்தான். அதை விட்டுக்கொடுத்து இரண்டாயிரம் மூவாயிரம் டொலரை மிச்சம் பிடிப்பது எனக்கு லாபமாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் அந்த ஏஜன்டை விட்டுவிட்டார்.

மற்றவர் ஹார்ட் லொஃப்ட் மட்டும் பார்க்கிற ஒரு பெண் ஏஜன்ட். தமிழர் அல்ல. முதல் சந்திப்பில் நம்மவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "கடைசியாக யாரிடம், எந்தக் கட்டடத்தை வாங்க வேண்டாம் என்றீர்கள்?" அந்த ஏஜன்ட் யோசிக்கவே இல்லை. ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே ஜன்னல் மாற்றும் வேலை முடியும்வரை ஒருவரையும் கூட்டிப் போகமாட்டேன் என்றார். பாரம்பரியக் கட்டடம் என்று நகரசபை பிரகடனப்படுத்தியதால் முகப்பு ஜன்னலின் வடிவத்தை மாற்ற அனுமதி எடுக்க வேண்டும், சாதாரண ஜன்னல் போடமுடியாது, செலவு அதனால்தான் ஏறுகிறது என்று காரணமும் சொன்னார். விற்ற வீடுகளின் எண்ணிக்கையையும் வாங்கிய விருதுகளையும் எந்த ஏஜன்டும் சொல்வார். எதை விற்க மறுத்தார் என்று கேட்டால்தான் ஆள் விளங்கும்.

இனி மாமா. அவரை ஒதுக்கினால் அம்மாவுக்கு முகம் கொடுக்க முடியாது, கூட்டிப்போனால் வீடு கிடைக்காது. தீர்வை அந்த லொஃப்ட் ஏஜன்டே சொன்னார். ஒரு ஏஜன்ட் தன்னால் செய்ய முடியாத வாடிக்கையாளரை இன்னொருவரிடம் அனுப்பினால், கிடைக்கும் கமிஷனில் ஒரு பங்கு, வழக்கமாக 25 வீதம், அனுப்பியவருடைய புரோக்கரேஜுக்கு, அதாவது அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு, போகும். இது ஒளித்துச் செய்கிற வேலை அல்ல, எழுத்தில் வைத்துச் செய்வது. மாமாவுக்கு மரியாதையும் காசும் கிடைத்தன. குறை ஒன்று உண்டு. அந்தக் கால் பங்கைக் கொடுத்த ஏஜன்டுக்குப் பிறகு கமிஷனில் விட்டுத்தர இடமிருக்காது. சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பெண் குடும்ப சமாதானத்துக்கு ஒரு விலை கொடுத்தார். எங்கள் சமூகத்தில் அது மலிவு என்பேன்.

ஏஜன்டைத் தெரிவுசெய்தாயிற்று என்றால் கையெழுத்து வரும். வேலை தொடங்கும் முன் ஏஜன்டுகளை ஒழுங்குபடுத்தும் ரெக்கோ என்ற அமைப்பின் தகவல் வழிகாட்டியை ஏஜன்ட் கொடுத்து விளக்க வேண்டும். அதன் பின் வாங்குபவர் பிரதிநிதித்துவ ஒப்பந்தம். நம்மவர்கள் இதை வங்கிப் படிவம் மாதிரி நினைத்து ஒப்பமிட்டுவிடுவார்கள். இந்தக் கோப்பில் மூன்று இடங்களில் பேனா ஓடியது. ஆறு மாதம் என்று இருந்த காலம் இரண்டரை மாதமாகியது. பெரும்பாக ரொறொன்ரோ முழுவதும் என்று இருந்த பகுதி, பழைய நகர எல்லைக்குள் ஹார்ட் லொஃப்ட் என்று சுருங்கியது. ஆகவே மனம் மாறி மாமாவோடு ஏஜாக்ஸில் வாங்கினாலும் இந்த ஏஜன்டுக்குக் கடன் இல்லை. கமிஷன் பகுதியில், விற்பவர் பக்கத்திலிருந்து 2.5 வீதத்துக்குக் குறைவாக வந்தால் மிச்சத்தை வாங்குபவர் கட்ட வேண்டும் என்ற வரி இருந்தது. அதற்குப் பக்கத்தில், அப்படிக் குறைவாக உள்ள வீடானால் பார்க்கப் போகும் முன்பே சொல்ல வேண்டும் என்று சேர்த்தார்கள்.

சந்தையும் அவர் பக்கம் இருந்தது. கனடா வங்கி தன் வட்டியை 2022 மார்ச்சில் 0.25 வீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5 வீதத்துக்குக் கொண்டுபோனது. 2024 ஜூனில்தான் இறக்கத் தொடங்கியது. கொண்டோக்கள் விற்காமல் தேங்கின. 2021இல் நிபந்தனை வைத்து ஓஃபர் போட்டால் சிரித்திருப்பார்கள். 2024 இலையுதிர்காலத்தில் நிதி நிபந்தனை, கடதாசி நிபந்தனை, பரிசோதனை நிபந்தனை எல்லாவற்றையும் விற்பவர்கள் ஏற்றார்கள்.

முதலில் பார்த்தது, படத்தில் மயக்கிய ஒரு வீடு. பதினான்கு அடிக் கூரை, தடித்த மர உத்திரம், மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஏஜன்ட் இவை ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே சிங்குக்குப் போய், கீழே இருந்த அலுமாரியைத் திறந்து, சவர்க்காரப் போத்தல்களை ஒதுக்கி, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். ஒரு செம்மஞ்சள் குழாய், ஒரு நீலக் குழாய். பக்கவாட்டில் கைடெக் என்று அச்சடித்திருந்தது. 1995 முதல் 2007 வரை கனடாவில் விற்கப்பட்ட இந்தப் பிளாஸ்ரிக்–அலுமினியக் குழாயின் பித்தளை இணைப்புகள் அரித்து உடைவது பல ஆண்டாகத் தெரிந்த கதை. அது குறித்த கூட்டு வழக்குச் சமரசத்தில் இழப்பீடு கேட்பதற்கான கடைசி நாள் 2020 ஜனவரியோடு போய்விட்டது. இன்று மாற்றுவதானால் சுவரை உடைக்கும் செலவோடு பொதுவாக வீட்டுக்காரர் தலையில்தான். லொஃப்டாக மாற்றிய வருடங்களும் இந்தக் குழாயின் வருடங்களும் அச்சொட்டாக ஒன்றின்மேல் ஒன்று விழுவதை யோசித்துப் பாருங்கள். விற்பவர் இதைச் சொல்லவில்லை. விலையைக் குறைத்தால் வாங்கலாமா என்று நம்மவர் கேட்டார். கட்டடம் முழுவதும் மாற்றி முடித்திருந்தால் சரி, மேல்வீட்டுக் குழாய் அப்படியே இருந்தால் உன் குழாயை மாற்றி என்ன பயன் என்றார் ஏஜன்ட்.

பிறகு சிலவற்றைப் பார்த்துக் கழித்தார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டு, விலை, அல்லது கீழே மதுச்சாலை.

வாங்கிய வீடு கிழக்கே, கார்லோ பக்கம், நாற்பத்துநான்கு வீடுகள் மட்டும் உள்ள ஒரு கட்டடம். வேலைக்கு நடக்கும் தூரம் இல்லை, ஸ்ரீட்கார் எடுக்க வேண்டும். அந்த ஆசையை அவர் விட்டார். 780 சதுர அடி, கேட்ட விலை 719,000. முதல் தடவை ஏஜன்டோடு போனார். மாலை ஆறு மணிக்குப் போவோம் என்று ஏஜன்ட் நேரம் குறித்ததில் சூட்சுமம் இருந்தது. மேல்வீட்டார் வேலையால் வந்திருப்பார்கள். பலகைத் தளம் உள்ள கட்டடங்களில் மேலே நடப்பது கீழே கேட்கும், பகல் பன்னிரண்டுக்குப் பார்க்கப் போனால் அது தெரியாது. இருவரும் பேசாமல் நின்றார்கள். காலடி கேட்டது, தாங்கக்கூடிய அளவு. இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர் என்பதால் இன்னொரு நாள் காலையிலும் போய் நின்று பார்த்தார்கள்.

அடுத்த தடவை அம்மா வந்தார். கூரையையும் செங்கலையும் ஒரு பார்வையில் முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுவர் இல்லை. "மீன் பொரிச்சா தலாணியில மணக்கும் பிள்ளை, அந்தக் காத்தாடி வெளியில இழுக்குதோ?" ஏஜன்டுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் புகைபோக்கியின் மேல்பக்கத் தட்டைத் திறந்தார். குழாயே இல்லை. கரி வடிகட்டியால் இழுத்து, அதே காற்றை அறைக்குள்ளேயே விடுகிற வகை. பழைய கட்டடங்களில் வெளிச்சுவரில் துளையிட நிர்வாகம் விடாது என்பதால் இதுதான் பல இடங்களில். அத்தனை லொஃப்ட் விற்றவருக்குத் தோன்றாத கேள்வி அது. தமிழ்ச் சமையல் சமைக்கிறவர்கள் லொஃப்ட் பார்க்கப் போகும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தத் தட்டைத்தான். இதில் தீர்வு ஒன்றும் கிடைக்கவில்லை. பொரியல் எல்லாம் ஸ்காபரோவில் என்று தாயும் மகளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு மேல்தட்டு இருந்தது. முந்தைய உரிமையாளர் ஒருவர் மர உத்திரத்தில் ஆணி இறுக்கி, ஏணி வைத்து, மேலே கட்டில் போடும்படி கட்டியது. விளம்பரத்தில் அதை இரண்டாவது படுக்கை இடமாகக் காட்டியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தின் வேலை இங்கே தொடங்குகிறது.

ஓஃபர் 675,000இல் போய், 690,000இல் நின்றது. விலையை எப்படிக் கணித்தார்கள் என்பதிலும் ஏஜன்டுகளின் வித்தியாசம் தெரிந்தது. விற்ற விலைகளை இணையத்தில் காட்டுவது தொடர்பான வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததிலிருந்து யார் வேண்டுமானாலும் பழைய விலைகளைப் பார்க்கலாம். மாமா அன்புக்கு அனுப்பிய பட்டியலில் சுற்றியுள்ள கண்ணாடிக் கோபுரங்களின் சதுர அடி விலை இருந்தது. லொஃப்ட் ஏஜன்ட் அதே கட்டடத்தில் மூன்று வருடத்தில் விற்ற ஐந்து வீடுகளை மட்டும் எடுத்து, எது தெருப்பக்கம், எது பின்பக்க ரெயில் பாதைப் பக்கம், எதில் மேல்தட்டு அனுமதியோடு உள்ளது என்று பிரித்தார்.

ஐந்து வீத வைப்புப் பணம் 24 மணி நேரத்துக்குள் போனது. கட்டடத்தின் நிதியும் விதிகளும் எந்த நிலையில் உள்ளன என்று காட்டும் ஸ்டேட்டஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டப்படி, அதிகபட்சம் நூறு டொலர் வாங்கிக்கொண்டு பத்து நாளுக்குள் நிர்வாகம் அதைத் தர வேண்டும். பழைய வீட்டுக்குப் பத்து நாள் மனம் மாறும் உரிமை கிடையாது, அது கட்டுமான நிறுவனத்திடமிருந்து புதுக் கொண்டோ வாங்குபவர்களுக்கு மட்டும். ஆகவே இந்தச் சான்றிதழைச் சார்ந்த கடதாசி நிபந்தனைதான் அவருக்கிருந்த முக்கிய வெளிவாசல்.

சான்றிதழோடு வந்த கடதாசிக் கட்டுக்குள் மூன்று விஷயம் இருந்தது. பின்சுவர்ச் செங்கல் பூச்சுக்கும் ஜன்னல்களுக்கும் 900,000 டொலர் வேலை திட்டமிட்டிருக்கிறார்கள், ஒதுக்கு நிதியில் 610,000 இருக்கிறது. குறைகிற 290,000ஐ நாற்பத்துநான்கால் பிரித்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 6,600 டொலர். முந்நூறு வீட்டுக் கோபுரத்தில் இதே குறை ஆயிரம்கூட வராது. சிறிய கட்டடத்தின் அழகுக்கு உள்ள வரி இது. இரண்டாவது, தண்ணீர்ச் சேதத்துக்குக் கட்டடக் காப்புறுதியின் டிடக்டிபிள், அதாவது காப்புறுதி கொடுக்காமல் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை, 50,000 டொலர். உங்கள் வீட்டிலிருந்து கசிந்தால் அதை உங்களிடம் அறவிடலாம் என்று விதி சொல்கிறது. சொந்தக் காப்புறுதியில் அந்தத் தொகை அடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது, மேல்தட்டைப் பற்றி அந்தக் கடதாசிகளில் ஒரு சொல்லும் இல்லை. உத்திரம் கட்டடத்தின் பொதுச் சொத்து. அதில் எதையும் பொருத்துவதானால் அதே சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்து பதிய வேண்டும். பதிவு இல்லை, நகரசபையின் கட்டட அனுமதியும் இல்லை. பேசாமல் வாங்கினால், முந்தையவர் கட்டியதைக் கழற்றச் சொல்லி நிர்வாகம் இவருக்குக் கடிதம் எழுதும்.

விற்பவரின் ஏஜன்ட் "எல்லோர் வீட்டிலும் இருக்கிறதுதானே" என்றார். இருக்கலாம். எங்கள் பக்க ஏஜன்ட் வாதாடவில்லை. செங்கல் வேலைப் பங்குக்கு விலையில் 5,000 குறைக்க வேண்டும், மேல்தட்டைச் சாவி கைமாறும் முன் கழற்ற வேண்டும், உத்திரத்தைப் பொறியியலாளர் பார்த்த கடிதம் வேண்டும் என்று மூன்று வரி அனுப்பினார். இரண்டு நாள் பதில் இல்லை. நிபந்தனை முடியும் நாளின் மாலையில் கையெழுத்தாகி வந்தது, 685,000.

அந்த விலைக்கு ஒன்ராறியோவின் நில மாற்று வரி 10,175. 2008 முதல் ரொறொன்ரோ நகரம் தனியாக வாங்கும் வரி இன்னொரு 10,175. முதல் வீடு என்பதால் மாகாணம் 4,000, நகரம் 4,475 தள்ளுபடி. கட்டியது 11,875. ஏஜாக்ஸில் வாங்கியிருந்தால் நகர வரியே இல்லை என்று மாமா சரியாகவே நினைவூட்டினார். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 88 சதம், மாதம் 686 டொலர். அதிலும் மாமா புருவம் உயர்த்தியது நியாயம்தான், ஆனால் செங்கல் வேலை இருக்கும் கட்டடத்தில் கட்டணம் மலிவாக இருந்திருந்தால் நான் கூடுதலாகப் பயந்திருப்பேன்.

மேல்தட்டுக் கழன்றது. ஆணித் துளைகள் உத்திரத்தில் தெரிகின்றன. பலத்துக்குக் குறையில்லை என்ற பொறியியலாளர் கடிதத்தின் ஒரு பிரதி கோப்பிலும் ஒன்று நிர்வாகத்திடமும் இருக்கிறது. கமிஷன் 17,125 டொலர், அதன்மேல் எச்எஸ்ரி என்ற விற்பனை வரி, விற்பவர் பக்கத்திலிருந்து முழுதாக வந்ததால் வாங்கியவர் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அதில் 4,280 டொலர் சொச்சம் மாமாவின் புரோக்கரேஜுக்குப் போனது. போன மாதம் மாமா எங்கள் அலுவலகத்துக்குக் கோல் எடுத்தார். லிபர்ட்டி வில்லேஜில் லொஃப்ட் கேட்கிற ஒரு தம்பி இருக்கிறானாம், அந்த லொஃப்ட் ஏஜன்டின் நம்பர் வேண்டுமாம்.